லெந்து நாட்குறிப்பு: பழிவாங்காத கை

மார்ச் 5, 2025, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து (தவக்கால) நாட்களில் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில், வேதாகமத்தில் சாமுவேலின் முதலாம் புத்தகத்தை வாசிக்கப் போகிறோம். வழக்கமாக இயேசுவின் பாடுகளின் பகுதிகளைத்தான் எடுப்போம். தாவீது, தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவுக்குத் தப்பி ஓடிய அதிகாரங்களை எடுக்கலாம் என்று நான்தான் கேட்டேன். பட்டயத்தை உருவ எல்லா நியாயமும் இருந்த ஒருவனைத் தேவன் எப்படித் தடுத்தார் என்பது அங்கே இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு இரவு

அண்ணனின் இளைய மகனை அடித்துவிட்டார்கள். வாய்க்கால் தண்ணீரைத் திருப்புவதில் பக்கத்து வயல்காரர்களோடு பல வருஷமாக இருக்கும் தகராறு இன்று மண்வெட்டிக் காம்பு வரை போய்விட்டது. தலையில் தையல் போட்டிருக்கிறது. ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

மூத்தவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோடும் பேசவில்லை. அவன் கூட்டாளிகள் பைக்கில் வந்து வெளியே நின்றார்கள். சொந்தக்காரப் பெண் ஒருத்தி எல்லார் காதிலும் விழும்படி, "கையில வளையலா போட்டிருக்கே?" என்று அவனைக் கேட்டாள். எனக்கு உடம்பே பதறிப்போயிற்று. அரிவாளை எடுப்பது ஆண்கள்தான். ஆனால் எடுக்க வைக்கிற சொல் எத்தனையோ தடவை வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது.

மார்ச் 10

காலையில் மூத்தவனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினேன். "மறு கன்னத்தைக் காட்டுன்னுதானே சொல்லப் போறீங்க, அத்தை?" என்றான்.

முதலில் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடு என்றேன். அவன் அதை எதிர்பார்க்கவில்லை. மலைப்பிரசங்கத்தில் மறு கன்னத்தைப் பற்றிச் சொன்ன இயேசுவையே பிரதான ஆசாரியனுக்கு முன்பாக ஒரு சேவகன் அறைந்தான். அவர் திருப்பி அடிக்கவில்லை, வாயை மூடிக்கொண்டும் நிற்கவில்லை. நான் பேசியது தகாததென்றால் அதைக் காட்டு, தகுதியானதென்றால் "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். யோவான் 18-ல் இருக்கிறது. அப்போஸ்தலன் பவுலும் அப்படித்தான். எருசலேமில் வாரினால் அடிக்கக் கட்டியபோது, ரோமக் குடிமகனை விசாரிக்காமல் அடிப்பது நியாயமா என்று கேட்டார். பிலிப்பியில், தங்களைச் சிறையில் போட்ட அதிகாரிகளே வந்து வெளியே அழைத்துப் போகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அநியாயத்தை அநியாயம் என்று சொல்ல வேதம் நமக்குத் தடை போடவில்லை. நம் கையால் தண்டிப்பதைத்தான் தடுக்கிறது.

மதியம் அண்ணனும் அவனும் போய்ப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதோடு வந்தார்கள். ஆனாலும் மூத்தவன் முகத்தில் இறுக்கம் குறையவில்லை.

மார்ச் 12, புதன்

இன்றைய ஜெபக்கூட்டத்தை அண்ணன் வீட்டிலேயே வைத்தோம். பகுதி 25-ஆம் அதிகாரம். நாங்கள் தேடிப்போய் எடுக்கவில்லை, வரிசைப்படி இன்று அதுதான்.

இதற்கு முந்தின அதிகாரத்தில், என்கேதிக் குகையில் சவுல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தாவீது அவன் சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்தான். அதற்கே அவன் மனம் அடித்துக்கொண்டது. அப்படிப்பட்டவன் அடுத்த அதிகாரத்திலேயே, நாபால் அவமானமாகப் பேசிவிட்டான் என்பதற்காக நானூறு பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு கிளம்புகிறான். நாபால் வீட்டு ஆண் ஒருவனையும் பொழுது விடியுமட்டும் விட்டுவைப்பதில்லை என்று ஆணையிடுகிறான். அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. மூவாயிரம் ஆடுள்ள அந்தப் பணக்காரனின் மேய்ப்பர்களை வனாந்தரத்தில் காத்தது தாவீதின் ஆட்கள்தான். நேற்று மன்னித்தவனுக்கு இன்று மன்னிப்பு தானாக வந்துவிடுவதில்லை. தாவீதுக்கே வரவில்லை.

அங்கேதான் நாபாலின் மனைவி அபிகாயில் வருகிறாள். வேலைக்காரன் சொன்னதும் இருநூறு அப்பம், திராட்சரசம், சமைத்த ஆடு, வறுத்த பயறு, வற்றல் எல்லாம் கழுதைகள்மேல் ஏற்றி, புருஷனுக்குச் சொல்லாமல் புறப்பட்டுப் போய் வழியிலேயே தாவீதைச் சந்திக்கிறாள். அவள் சொன்னதில் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துவது ஒன்றுதான்: நாளைக்கு நீர் ராஜாவாகும்போது, வீணாக இரத்தம் சிந்தினேனே என்ற மன இடறல் உமக்கு இருக்கக்கூடாது. நாபாலுக்காகக் கெஞ்சியவள் தாவீதின் வரும் நாட்களையும் சேர்த்தே காத்தாள். "என் கையே பழிவாங்கவும்" நீ தடைபண்ணினாய் என்று தாவீது அவளை ஆசீர்வதிக்கிறான்.

வசனங்களை நாம் ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே மனப்பாடமாகச் சொல்கிறோம். ஆனால் கோபம் கிளம்பி வழியில் இறங்கிவிட்ட நேரத்தில், அதை எடுத்துக்கொண்டு எதிரே போய் நிற்க ஒரு ஆள் வேண்டும். இதைக் கூட்டத்தில் சொன்னேன். வளையல் பேச்சுப் பேசியவளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

மார்ச் 16

மூத்தவன் போனில் கேட்டான்: "எத்தனை தடவைதான் பொறுக்கிறது?" ஆதியாகமம் 4-ல் லாமேக்கு, தன்னைக் காயப்படுத்திய வாலிபனைக் கொன்றுவிட்டுத் தன் மனைவிகளிடம் பெருமை பேசுகிறான். காயீனுக்கு ஏழு பழி என்றால் தனக்கு எழுபத்தேழு என்கிறான். சீஷனாகிய பேதுரு ஏழுதரம் மன்னித்தால் போதுமா என்று கேட்டபோது இயேசு "ஏழெழுபதுதரமட்டும்" என்றார். இரண்டையும் வாசித்துவிட்டுக் கூப்பிடு என்றேன். இன்னும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 2

மன்னித்தால் கேஸை வாபஸ் வாங்கவேண்டுமா என்று மதினிக்குக் குழப்பம். ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸின் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய கணவர் கிரஹாமையும், 10 வயது பிலிப்பையும், 6 வயது திமோத்தியையும் உயிரோடு எரித்தார்கள். கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்று அவர் சொன்னார். உடனே நாட்டைவிட்டுப் போகாமல், பாரிபதாவில் தொழுநோயாளிகள் நடுவே ஊழியத்தைத் தொடர்ந்தார். அவர் மன்னித்ததால் வழக்கு நின்றுபோகவில்லை. முக்கியக் குற்றவாளிக்குக் கொடுத்த ஆயுள் தண்டனையை 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. "பழிவாங்குதல் எனக்குரியது" என்று கர்த்தர் சொல்லும் ரோமர் 12-க்கு அடுத்த அதிகாரமே அதிகாரத்தில் இருப்பவர்களைப் பற்றியதுதான். மதினி பெருமூச்சு விட்டு, "அப்ப சரி, கேஸ் இருக்கட்டும்" என்றார்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மதியம் மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனைக்கு மூத்தவன் வந்தான். வீட்டுக்கு நடந்து வரும்போது, பேதுரு வெட்டிய அந்த வேலைக்காரனின் காதைப் பற்றி அவனாகவே பேச்செடுத்தான். தன்னைப் பிடிக்க வந்தவன் காதை இயேசு அந்த நேரத்திலும் தொட்டுச் சுகமாக்கினாரே என்றான். நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 23

எதிர்த்தரப்பு வீட்டுப் பெரியவர் ஒருவர் சமாதானம் பேச வந்தார். அண்ணன் இன்னும் சரியாக முகம் கொடுக்கவில்லை. அதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன், பிள்ளையின் தலையில் தழும்பு இருக்கிறது. தண்ணீர் முறையை எழுதிவைக்கும் பேச்சு மட்டும் தொடங்கியிருக்கிறது. வாலிபர் கூட்டத்தில் அபிகாயில் பகுதியை எடுக்கும்படி சபைப் போதகரான ஐயரிடம் கேட்டிருக்கிறேன். அன்றைக்குப் பைக்கில் வந்து நின்ற பையன்களைக் கூட்டிவருவதாக மூத்தவன் சொல்லியிருக்கிறான்.