லொறிக்குப் பாடின பாட்டுகள்

கல்லூரி மலரைத் தயாரிக்கிற குழுவிலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள்: "நீங்கள் பாட்டு எழுத வந்ததில் எங்கள் கல்லூரியின் பங்கு என்ன?" உண்மையைச் சொன்னால் பங்கு இரண்டு. தமிழ் வாத்தியார் கரும்பலகையில் சீர் பிரித்துக் காட்டினது ஒன்று. ஏ.எல். (உயர்தர) வகுப்பில் எனக்குப் பக்கத்து மேசையில் ஒருவனைக் கொண்டுவந்து இருத்தினது மற்றது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது.

அவனுடைய பெயரைப் போடவில்லை. பேரப்பிள்ளைகளிடம் ஒழுங்கான மனிசன் என்று பெயர் எடுத்து வைத்திருக்கிறான், அதைக் கெடுப்பானேன். எங்கள் வயதுக்காரருக்கு ஆளைத் தெரியும். வகுப்பறைச் சுவரில் தொங்கிய இலங்கைப் படத்துக்கு முன்னால் நின்று கண்டி வீதியை விரலால் தடவித் தடவி, ஆனையிறவிலிருந்து வவுனியா வரைக்கும் கோட்டையே அழித்துப்போட்டவன் என்றால் போதும்.

1974. சோதனை எழுதி முடித்துவிட்டு மறுமொழிக்குக் காத்திருந்த காலம். அனுமதிக்குப் புள்ளிகளை மாற்றிக் கணக்கிடுகிற தரப்படுத்தல் வந்துவிட்டதால் எவ்வளவு புள்ளி எடுத்தாலும் பல்கலைக்கழகம் கிடைக்குமோ என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. பாணுக்கு விடியப்புறம் வரிசை. வீட்டில் இருந்தால் "அடுத்ததென்ன?" என்ற கேள்வி. கையில் காசில்லை. ஆனால் ஊரில் லொறிகள் ஓடிக்கொண்டிருந்தன. இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியிருந்ததால் வெங்காயத்துக்கும் செத்தல் மிளகாய்க்கும் நல்ல விலை. சுன்னாகம் சந்தைப் பக்கம் பின்னேரம் போனால், படங்கு இழுத்துக் கட்டிக் கயிறு முறுக்குகிற சத்தம்தான். இரவிரவாக ஓடி விடியக் கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை இறக்குகிற லொறிகள் அவை.

முதல் இரண்டு தடவையும் நாங்கள் சாவகச்சேரி தாண்டி றோட்டுக் கரையில் நின்று கை காட்டினோம். ஒருவரும் நிற்பாட்டவில்லை. பாரம் ஏற்றின லொறியை வேகத்தில் வரும்போது மறித்தால் எந்த டிறைவர்தான் பிறேக் போடுவார்? அவனுக்குத்தான் யோசனை வந்தது. "மச்சான், முறிகண்டிக்குப் பஸ்ஸிலை போவம். கை காட்டத் தேவையில்லை. பிள்ளையாரே மறிச்சுத் தருவார்."

முறிகண்டியைத் தெரியாத யாழ்ப்பாணத்தான் இல்லை. காரோ பஸ்ஸோ லொறியோ, அந்தச் சின்னக் கோயிலடியில் நிற்பாட்டித் தேங்காய் உடைக்காமல் ஒரு வாகனமும் காட்டுப்பக்கம் போகாது. டிறைவர் கும்பிட்டு, திருநீறு பூசி, கச்சான் சரை வாங்கி வரச் சுணங்கும். அந்த இடைவெளியில் கிளீனரிடம் கதை கொடுப்பான் இவன். சாமி கும்பிட்ட கையோடு ஒரு மனிதன் "ஏலாது, போ" என்று சொல்லமாட்டான் என்பது அவனுடைய கணக்கு. பிழைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

முதல் ஏறின வெங்காய லொறியின் டிறைவர், மீசை நரைத்த மனிசன். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கை தம்பியவை?"

"கண்டிக்கு, அண்ணை. மாத்தளையிலை இறக்கிவிட்டாலும் காணும்."

"காசு வேண்டாம். ஆனா ஒராள் முன்னுக்கு இருந்து கதைக்கோணும். நித்திரை கொண்டா, கொண்ட இடத்திலை இறக்கி விட்டிடுவன். யானைக்காடு, பாத்துக்கொள்ளுங்கோ."

கதைக்க அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை. மாங்குளம் வரைக்கும் அவன் கதைத்தான். பிறகு தொண்டை கட்டிவிட்டது. அவன் மூட்டைக்கு மேலே ஏறிப் படுக்க, நான் முன்னுக்கு வந்தேன். எனக்குக் கதை வராது. வகுப்பில் எழும்பி நின்று மறுமொழி சொல்லவே நாக்கு ஒட்டுகிற ஆள். டிறைவர் என்னை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். மேலேயிருந்து, படங்குக்குள்ளால், அவனுடைய கட்டின குரல் கேட்டது: "அண்ணை, அவனைப் பாடச் சொல்லுங்கோ! பாடுவான்!"

பாடினேன். சினிமாப் பாட்டு, தேவாரம், இலங்கை வானொலியில் அப்போது எந்த நேரமும் போன ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் ஆட்களுடைய பொப் பாட்டு, எல்லாம் வந்தது. புளியங்குளம் வரமுதல் கையிருப்பு முடிந்துவிட்டது. திரும்பவும் முதலாவதைத் தொடங்கினேன். டிறைவர் கையைக் காட்டினார்.

"உதெல்லாம் கேட்டது தம்பி. கேட்ட பாட்டுக்குத்தான் எனக்கு நித்திரை வாறது. புதுசா ஒண்டு பாடு."

இருட்டு. இரண்டு பக்கமும் காடு. எங்களுக்கு முன்னால் ஒரு லொறி, பின் லைற் இல்லாமல், எங்கள் வெளிச்சம் பட்டால் மட்டும் தெரிந்து மறைந்து போய்க்கொண்டிருந்தது. வாயில் வந்ததைப் பாடினேன்:

முந்திப் போற லொறியண்ணை
முதுகு விளக்கோ எரியேல்லை
பிந்தி வாற எங்களுக்குப்
பிள்ளையாரே விளக்கண்ணை

மனிசன் ஸ்ரியறிங்கில் அடித்துச் சிரித்தார். இன்னொரு தரம் பாடச் சொன்னார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாம் சரி, ஆனா முந்திப் போற எண்டு துவங்காதை. என்னை ஒருத்தரும் முந்திறேல்லை" என்றார். என் பாட்டுக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அதுதான். சொன்ன கையோடு முன்னுக்குப் போன லொறியை வெட்டி எடுத்துக் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

தொழில் விசயம் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். கண்டி வீதியில் அப்போது மதகுகள் கூட. ஒவ்வொரு மதகிலும் லொறி ஒருதரம் தூக்கிப் போடும். பாடிக்கொண்டிருக்கிறவன் அந்த இடத்தில் மூச்சு எடுத்தேயாகவேண்டும், இல்லாவிட்டால் நாக்குக் கடிபடும். ஆகவே மதகு வரமுதல் அடியை முடிக்கப் பழகினேன். யாப்பிலக்கணத்தில் பாடமாக்கியும் பிடிபடாத சங்கதி, லொறிச் சீற்றில் ஒரே இரவில் பிடிபட்டது. ஊருக்குத் திரும்பி வந்து அந்த நாலு அடியையும் கொப்பியில் எழுதித் தமிழ் வாத்தியாரிடம் நீட்டினேன். விரலை மடித்து மடித்துப் பார்த்தார். "ரெண்டு இடத்திலை தளை தட்டுது," என்றார். கொப்பியைத் தந்துவிட்டு, "எண்டாலும் ஓடுது" என்றார். பிற்காலத்தில் நான் எழுதின மெல்லிசைப் பாட்டுகளை இசையமைப்பாளர்கள் "அடி சின்னதாய் இருக்குது, நீட்டுங்கோ" என்று கேட்பார்கள். மதகின் கதையை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

திருகோணமலைப் பயணம் சீமெந்து லொறியில். காங்கேசன்துறைத் தொழிற்சாலையிலிருந்து வந்தது, வவுனியாவில் திரும்பி ஹொரவப்பொத்தானைப் பாதையால் போனது. டிறைவர் சிங்களவர். "மல்லி, கொஹேத யன்னே?" (தம்பி, எங்கை போறியள்?) என்று அவர் கேட்க, என்னுடைய ஆள் பதில் சொன்ன விதத்தில் மனிசன் அசந்துபோனார். அவனுடைய தகப்பன் அநுராதபுரத்தில் தபாற்கந்தோரில் வேலை, லீவுக்குப் போய்ப் போய்ப் பழகின சிங்களம். முன்சீற்றில் ஏற்கெனவே இரண்டு பேர். நாங்கள் மேலே, சீமெந்துப் பைகளுக்கு மேல்.

கெப்பித்திகொல்லாவை தாண்டின பிறகு லொறி திடீரென்று நின்றது. என்ஜினும் லைற்றும் நூர்ந்தன. கிளீனர் எழும்பி நின்று வாயில் விரலை வைத்துக் காட்டினான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கொப்பு முறிகிற சத்தம். பிறகு றோட்டு நடுவில் நின்ற இருட்டு, கொஞ்சம் அசைந்தது. அரை மணித்தியாலம் இருக்கும். யானை கேட்டதா தெரியாது, என்னுடைய நெஞ்சு அடித்தது எனக்குக் கேட்டது. எல்லாம் முடிந்து லொறி வெளிக்கிட்ட பிறகு இவன் என் காதுக்குள், "பாடியிருந்தா போயிருக்கும் மச்சான், நாங்களும் போயிருப்பம்" என்றான்.

விடியக் கன்னியாச் சந்தியில் இறங்கினோம். ஆளையாள் பார்த்தபோது இரண்டு சாம்பல் பொம்மைகள். வெந்நீர்க் கிணறு ஏழு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் உண்டாக்கினது என்பது ஐதீகம். அந்தியேட்டிக்கு வந்த ஒரு குடும்பம் அழுதுகொண்டு நிற்க, பக்கத்தில் நாங்கள் வாளியால் அள்ளி அள்ளி ஊற்றினோம். சீமெந்துத் தலையில் சுடுதண்ணி ஊற்றக்கூடாது என்று எங்களுக்கு ஆர் சொன்னது? ஐந்தாவது கிணற்றடியில் தலைமயிர் கட்டிபட்டுவிட்டது. சீப்புப் போகவில்லை. கோணேசர் கோயிலுக்கு அந்தக் கோலத்தில்தான் போனோம். ஊருக்கு வந்து இரண்டு பேரும் மொட்டை. கதிர்காமத்துக்கு நேர்த்தி என்று அம்மாவிடம் சொல்லிச் சமாளித்தேன். அம்மா நம்பினாவோ தெரியாது, அந்த வெள்ளிக்கிழமை சர்க்கரைப் புக்கை பொங்கினா.

எல்லா ஓசிப் பயணமும் ஓசியில்லை. அரிசியை இடத்துக்கு இடம் கொண்டுபோகத் தடை இருந்த காலம், தடைமுகாம்களில் பொலிஸ் ஏறிப் பார்க்கும். வவுனியாவிலிருந்து திரும்பின ஒரு இரவு டிறைவர் எங்களுக்குச் சாக்கு விரித்துத் தந்து, "படுங்கோ தம்பியவை, நல்லாப் படுங்கோ" என்று உபசரித்தார். இவ்வளவு அன்பா என்று படுத்தோம். ஆனையிறவில் பொலிஸ்காரர் ரோர்ச் அடிக்க, "காய்ச்சல்காரப் பொடியள் சேர், பெரியாஸ்பத்திரிக்கு" என்றார். அப்போதுதான் முதுகில் குத்தினது வெங்காயமில்லை என்று விளங்கினது. நான் இருமினேன். இவன் அளவுக்கு மீறி முனகினான். தப்பினோம். டிறைவர் இறக்கிவிடும்போது ஆளுக்கு ஒரு கொத்து அரிசி தந்தார். வீட்டில் ஒருவரும் எங்கால் அரிசி என்று கேட்கவில்லை.

இனி ஒன்று. இதை எழுதவோ விடவோ என்று யோசித்தேன். நுவரெலியாவுக்கு வெளிக்கிட்டுக் கம்பளை, புசல்லாவை என்று துண்டு துண்டாக ஏறி, றம்பொடைக்குக் கிட்ட மழையில் அகப்பட்டோம். இருட்டிவிட்டது. முறிகண்டிப் பிள்ளையார் அந்தப் பக்கம் இல்லை, ஒரு வாகனமும் நிற்கவில்லை. பருத்திச் சேட்டும் சாரமுமாக மலைக் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்ற எங்களை, கொழுந்துக் கூடைக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்த ஒரு அம்மா கண்டா. "என்னங்க தம்பி, இந்த மழையில? வாங்க" என்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. ஒரு காம்பிரா, அதாவது ஒரே அறை. ஆறு பேர். அடுப்படியை எங்களுக்குப் படுக்க விட்டார்கள். ஆளுக்கொரு ரொட்டியும், சீனி இல்லாத பிளேன் ரீயும். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரைக்கும் பிள்ளைகள் மற்றப் பக்கம் திரும்பி இருந்தார்கள். கூச்சமாக்கும் என்று நினைத்தேன். பங்கீட்டுக் கூப்பனுக்குத் தருகிற மா குறைந்து தோட்டங்களில் பட்டினியால் சனம் செத்த காலம் அது. பத்திரிகையில் வாசித்திருந்தும், அந்த ரொட்டியையும் அந்தச் செய்தியையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்க்க எனக்கு ஐந்தாறு வருடம் எடுத்தது.

அதைப் பாட்டாக்கப் பலமுறை முயன்றேன். எப்படி எழுதினாலும் பாட்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாக வந்து நிற்கிறோம். கிழித்துப்போட்டேன். இவனிடம் ஒருதரம் சொன்னேன். "நான் இரண்டாவது ரொட்டியும் கேட்டனான் மச்சான். உனக்கு ஞாபகமில்லையோ?" என்றான். எனக்கு ஞாபகமில்லை.

1977 ஆவணியில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், அவனுடைய தகப்பன் அநுராதபுரத்திலிருந்து ஒரு பையோடு வந்து சேர்ந்தார். அதோடு எங்கள் பயணமும் நின்றது. இரவில் றோட்டுக் கரையில் நின்று முன்பின் தெரியாத லொறியில் ஏறுகிற மனம் ஒருவருக்கும் இருக்கவில்லை. ஏற்றுகிறவர்களுக்கும் பயம். பிறகு நான் லண்டன், அவன் கனடா. 2003 இல், போர்நிறுத்தத்தால் பாதை திறந்திருந்த நேரம், ஊருக்குப் போனேன். ஓமந்தையில் சோதனைக்கு இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு நடந்து, வேறு வாகனம் பிடித்து முறிகண்டிக்கு வந்தால், கோயிலடியில் வாகனங்கள் வரிசையாக நின்றன. கச்சான் அதே ருசி. கை காட்டுகிற பொடியன்கள் மட்டும் இல்லை.

அவன் ஒன்ராறியோவில் பெரிய ட்ரக் ஓட்டினான், ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் இடையில், இருபது வருடத்துக்கு மேல். ஒருமுறை அங்கே போனபோது, "என்னையும் ஏத்து, முன்னுக்கு இருந்து கதைக்கிறன்" என்று கேட்டேன். "இன்சூரன்ஸ் விடாது மச்சான். வேலை போயிடும்" என்று பஸ்ஸுக்கு ரிக்கற் எடுத்துத் தந்தான். அவன் காசு செலவழித்து என்னைப் பயணம் அனுப்பினது அந்த ஒருதரம்தான்.

அவன் ஓய்வெடுக்க முந்தின மார்கழியில் ஒரு நாள், எனக்குக் காலை ஏழு மணி, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கிறேன், தொலைபேசி அடித்தது. அங்கே இரவு இரண்டு மணி. காதில் மாட்டின போனில் கதைக்கிறான், பின்னால் என்ஜின் இரைச்சல்.

"மச்சான், கிங்ஸ்ரன் தாண்டியிட்டன். கண் இழுக்குது. அடுத்த தரிப்பிடத்துக்கு இருபது நிமிசம் இருக்கு. அங்கை போய்ப் படுக்கிறன். அதுவரைக்கும் பாடு."

முந்திப் போற லொறியண்ணை என்று தொடங்கினேன்.

"உது கேட்டது," என்றான். "புதுசா ஒண்டு."

கோப்பையை மேசையில் வைத்துவிட்டு யோசித்தேன். அந்த றோட்டில் மதகு எத்தனை மைலுக்கு ஒருக்கா வரும் என்று அவனிடம் கேட்டேன். மதகே இல்லை, பாட்டுக்குத் தாளம் வேண்டுமென்றால் வைப்பர் ஓடுது, பனி கொட்டுது என்றான். போனை வைப்பருக்குக் கிட்டப் பிடிக்கட்டுமோ என்றும் கேட்டான். வேண்டாம், ரெண்டு கையாலும் ஸ்ரியறிங்கைப் பிடி என்று சொல்லிவிட்டுத் தொடங்கினேன். இருபது நிமிடமும் பாடினேன். தேத்தண்ணி ஆறிவிட்டது.