சிறப்புக் கல்விப் பிள்ளைகளோடு தேசியக் கோளரங்கம் போய் வந்தோம்

எங்கள் தமிழ்ப்பள்ளியில் விண்வெளிப் பாடம் வந்துவிட்டால் மற்ற வகுப்புப் பிள்ளைகள் கோலாலம்பூர் தேசியக் கோளரங்கத்துக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். சிறப்புக் கல்விப் பிள்ளைகள் பள்ளியிலேயே இருப்பார்கள். அவர்களை வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை, வாருங்கள் என்று அழைத்ததும் இல்லை. இருட்டு அரங்கம், பெரிய ஓசை, மேட்டில் கட்டிய கட்டடம் என்று காரணங்கள் தாமாகவே வந்து வரிசையில் நின்றுவிடும். என் வகுப்பில் நிலாவைப் பற்றி ஓயாமல் கேள்வி கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டுப் பஸ் கிளம்புவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

தலைமையாசிரியர் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "இருட்டில் ஒரு பிள்ளை கத்த ஆரம்பித்தால் என்ன செய்வீர்கள், டீச்சர்?" நியாயமான கேள்வி. "பார்த்துக்கொள்கிறேன்" என்று வாய்ப்பேச்சாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. எந்தப் பிள்ளை யார் பக்கத்தில் உட்காரும், எழுந்தால் யார் அழைத்துப் போவார், எந்தக் கதவு, வெளியே எங்கே காத்திருப்பது, எப்போது திரும்ப வரலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாள்தான் பிறகு எல்லாருக்கும் காட்டும் கடவுச்சீட்டானது. மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போன கடிதத்தோடும் அதையே இணைத்தோம்.

கோளரங்கத்துக்கு எழுதும்போது "சிறப்புத் தேவையுள்ள மாணவர்கள் வருகிறார்கள், உதவி தேவை" என்று பொதுவாக எழுதாதீர்கள். அதைப் படிப்பவருக்கு என்ன செய்வது என்று தெரியாது. நான் கேட்டவை இவை: கூட்டம் குறைந்த வாரநாள் காலை, கதவுக்குப் பக்கத்து இருக்கைகள், சக்கர நாற்காலிக்கு இடம், விளக்குகளை ஒரே அடியாக அணைக்காமல் மெல்ல மெல்லக் குறைப்பது, ஒலியை வழக்கத்தைவிடத் தாழ்த்துவது, காட்சியின் நடுவில் எழுந்து போய் மறுபடி உள்ளே வர அனுமதி. கூடவே, அந்தக் காட்சியில் பளிச் பளிச்சென்று மின்னும் இடங்கள் உண்டா என்றும் கேட்டேன். வகுப்பில் ஒரு பையனுக்கு வலிப்பு உண்டு. வலிப்பு உள்ள எல்லாரையும் மின்னும் ஒளி பாதிப்பதில்லை, சிலரைத்தான் பாதிக்கும். அவன் எந்த வகை என்பதை அவனுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நாம் ஊகிக்கக் கூடாது. அவன் அம்மா மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கி வந்தார்.

எழுந்து போய்த் திரும்பி வரும் அனுமதியைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். போக வழி இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை உட்கார்ந்திருக்கும். வழியில்லை என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும், ஏன், நாமும் தவித்துப் போவோம்.

பஸ்தான் தலைவலி. நான் அழைத்த முதல் நிறுவனம், சக்கர நாற்காலி என்று சொன்னதுமே வண்டி இல்லை என்றது. இன்னொன்று நாற்காலியை மடித்துப் பையறையில் வைக்கலாம், பிள்ளையைத் தூக்கி ஏற்றுங்கள் என்றது. பதின்மூன்றை நெருங்கும் பையனை எல்லார் முன்னிலையிலும் தூக்கி ஏற்றுவதா? கடைசியில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்து ஐயா ஒருவர் சாய்தளம் உள்ள வேன் வைத்திருக்கும் தம் உறவினரைப் பிடித்துக் கொடுத்தார். தனியாகப் போகிறோம் என்று அவனுக்குத் தோன்றாமலிருக்க, அவனுடைய கூட்டாளிகள் இருவரும் அதே வேனில் வந்தார்கள்.

பெற்றோரில் சிலர் தயங்கினார்கள். ஓர் அம்மா, "கோயில் மேளத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு ஓடுவானே, டீச்சர்" என்றார். அவர் சொன்னது உண்மை. அதனால்தான் வகுப்பில் முன்கூட்டியே பழக்கினோம். திரைச்சீலையை இழுத்து, ஒரு விளக்கை அணைத்து, பிறகு இன்னொன்றை அணைத்து, கைவிளக்கால் கூரையில் ஒளிப்புள்ளி காட்டினோம். முதலில் சில நொடிகள், அப்புறம் ஒரு பாட்டு முடியும் வரை. காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டே பாடம் கேட்டார்கள். நான் முன்னரே போய் எடுத்து வந்த படங்களைக் கோத்து ஆளுக்கொரு சிறு புத்தகம் செய்தோம்: நீலக் குவிமாடம், நுழைவாயில், கழிப்பறை, அரங்கக் கதவு, இருக்கை, திரும்பும் பஸ். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் இரவெல்லாம் புரட்டியிருக்கிறார்கள்.

இனி நான் ஆசையாகச் சொல்ல வந்த விஷயம். வகுப்பில் பார்வை மிகக் குறைந்த மாணவி ஒருத்தி இருக்கிறாள். குவிமாடத்தில் ஒளிரும் நட்சத்திரம் அவளுக்கு என்ன தரும் என்று தேடியபோது, ஸ்பெயினின் வலென்சியா பல்கலைக்கழக வானாய்வகத்தார் தொட்டுணரும் நிலா மாதிரி ஒன்றை உருவாக்கி, முப்பரிமாண அச்சுக்கான கோப்பை இலவசமாகவே தருவது தெரிந்தது. தெரிந்தவர் ஒருவர் அச்சிட்டுத் தந்தார். சாம்பல் நிறம், இரு கைக்குள் அடங்கும் உருண்டை. அவள் முதலில் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் தடவிக்கொண்டே போய், தெற்கில் ஒரு குழியில் நின்றாள். அது டைக்கோ, சுமார் 85 கிலோமீட்டர் அகலம் என்றேன். "நம் பள்ளியிலிருந்து ஈப்போ போகுமா?" என்றாள். அவ்வளவு போகாது, பாதி வழியைத் தொடும் என்றேன். உருண்டையைத் திருப்பி மறுபக்கத்தைத் தடவியவள், "இங்கே ரொம்பக் கரடுமுரடு, டீச்சர்" என்றாள். பூமியிலிருந்து யாருக்குமே தெரியாத பக்கம் அது. சமவெளிகள் முன்பக்கத்தில் அதிகம், மறுபக்கத்தில் குழிகள் அதிகம். கண்ணுள்ள பிள்ளைகள் அன்றுவரை கவனிக்காததை அவள் விரல் சொல்லிவிட்டது.

பூமிக்கும் நிலாவுக்கும் உள்ள தொலைவைக் காட்டக் கூடைப்பந்தும் டென்னிஸ் பந்தும் போதும். கூடைப்பந்து பூமி என்றால் டென்னிஸ் பந்து ஏறத்தாழ நிலாவின் அளவு. இரண்டுக்கும் நடுவே எத்தனை தூரம் என்று கேட்டால் பெரியவர்களும் ஒரு கையளவு காட்டுவார்கள். உண்மையில் ஏழு மீட்டருக்கு மேல் வர வேண்டும், ஏனென்றால் நடுவில் முப்பது பூமிகளை வரிசையாக வைக்கலாம். நடைவழியில் கயிறு கட்டி, ஒவ்வொரு பூமிக்கும் ஒரு முடிச்சுப் போட்டோம். அவள் முடிச்சை எண்ணிக்கொண்டே நடந்தாள், சக்கர நாற்காலிப் பையன் கயிற்றைப் பிடித்தபடி உருட்டிக்கொண்டு போனான். போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வாண்டா டியாஸ் மெர்செட் பார்வை இழந்த பிறகு, விண்ணிலிருந்து வரும் தரவுகளை ஒலியாக மாற்றிக் கேட்டு ஆய்வு செய்யும் வானியலாளர் என்று அன்று சொன்னேன். "அவர் டீச்சரா?" என்றாள். விஞ்ஞானி என்றேன்.

போன அன்று பெரும்பாலும் திட்டமிட்டபடியே நடந்தது. வண்டிகள் மேலே வரை ஏறியதால் படிகள் தொல்லை தரவில்லை. அரங்கில் விளக்குகள் மெல்லத் தணிந்தன. மேளத்துக்கு ஓடும் பையன் நட்சத்திரங்கள் தோன்றியதும் எழுந்துவிட்டான். உதவியாளர் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு வெளியேறினார், தண்ணீர் குடித்துவிட்டு இருவரும் திரும்பினார்கள். மறுபடி எழுந்தான், மறுபடி வந்தான். சனிக்கோளின் வளையம் வந்தபோது காதுக் கவசத்தைத் தானே கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அண்ணாந்தே பார்க்க வேண்டியிருப்பதால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கழுத்து வலிக்கும், ஒரு கழுத்துத் தலையணை கொண்டுபோவது நல்லது. வெளியே வரும்போது தொப்பி கட்டாயம். இருட்டிலிருந்து நேரே கோலாலம்பூர் வெயிலுக்கு வந்தால் பார்வை குறைந்த பிள்ளைகள் திணறிப் போவார்கள்.

காட்சிக்கூடத்தில் டாக்டர் ஷேக் முஸாபர் பற்றிப் பேசினோம். 2007 அக்டோபர் 10-ஆம் தேதி கஸகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து ரஷ்யாவின் சோயூஸ் கலத்தில் புறப்பட்டு, அனைத்துலக விண்வெளி நிலையத்தில் தங்கி, 21-ஆம் தேதி பூமிக்குத் திரும்பிய மலேசியர். எங்கள் பிள்ளைகளுக்கு ராக்கெட்டைவிட அவர் எப்படித் தூங்கினார் என்பதுதான் முக்கியமாக இருந்தது. அங்கே தூங்குபையைச் சுவரோடு கட்டிக்கொண்டு தூங்குவார்கள் என்றதும் ஒரே கொண்டாட்டம்.

போக வர வசதியில்லாத பள்ளிகளுக்கு ஒன்று சொல்வேன். இரவில் பிள்ளைகளை அழைத்துப் போவது எளிதல்ல, ஆனால் பௌர்ணமிக்கு அடுத்த சில நாட்கள் காலைச் சபைகூடலிலேயே மேற்கு வானில் நிலா தெரியும், மேகம் மறைக்காவிட்டால். மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் கோலாலம்பூரில் பிற்பகல் ஒன்றே கால் மணி வாக்கில் சூரியன் உச்சந்தலைக்கு நேர்மேலே வரும். அப்போது திடலில் நட்ட கழியின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். இதற்குப் பஸ்ஸும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம். சூரியனை நேராகப் பார்க்காமல் நிழலை மட்டும் பார்க்கப் பழக்கிவிடுங்கள்.

இந்த ஆண்டு சிறப்புக் கல்வி வகுப்பையும் நான்காம் ஆண்டு வகுப்பையும் ஒரே நாளில் அனுப்பத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கடிதம் தயார். ஒலியைத் தாழ்த்தும் வரியை நான்காம் ஆண்டு ஆசிரியை தம் வகுப்புக்கும் சேர்த்தே கேட்டிருக்கிறார். சாய்தள வேனுக்கு இப்போதே முன்பணம் கட்டியாயிற்று.