பள்ளிப் பையில் புகையிலைப் பொட்டலம்: நாங்கள் யாரிடம் போனோம், என்ன நடந்தது

உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகனின் பள்ளிப் பையில் மெல்லும் புகையிலைப் பொட்டலங்கள் கிடைத்தன. யாரிடம் சொல்வது, சொன்னால் பையனுக்கு என்ன ஆகும் என்று எனக்கும் கணவருக்கும் ஒரே பயம். இதே பயத்தில் இருக்கும் பெற்றோருக்காகத்தான் எழுதுகிறேன்.

குட்கா, கைனி, சர்தா போன்ற மெல்லும் புகையிலை எல்லாமே சிங்கப்பூரில் 2016 ஆகஸ்ட் 1 முதல் தடை. சிகரெட்டுக்கு 21 வயது வரம்பு. ஆனால் மெல்லும் புகையிலையைப் பெரியவர்களும் வாங்கக்கூடாது. 2018 பிப்ரவரியிலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம். எங்களுக்கு இது தெரியவந்த சமயத்தில் அதற்கான அபராதம் 2,000 சிங்கப்பூர் வெள்ளி வரை. இருந்தும் பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவில், ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழே வந்து நிற்கும் ஆளிடம், இடைவேளைச் சாப்பாட்டுக் காசுக்கே அது கிடைத்திருக்கிறது. சிகரெட் என்றால் சட்டையில் வாடை வரும். இதை உதட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டு கணக்கு வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறான், யாருக்கும் தெரியவில்லை.

அந்த ஆளைத் தேடிப் போய்ச் சண்டை போடக் கிளம்பிய கணவரை நிறுத்திவிட்டு, முதலில் பள்ளி ஆலோசகரைப் பார்த்தோம். மகனிடம் சொல்லி, அவனையும் கூட்டிக்கொண்டுதான் போனோம். எப்போது தேவைப்படுகிறது, யாரோடு இருக்கும்போது என்று அவர் அவனிடமே கேட்டார். பள்ளியின் ஒழுங்கு நடவடிக்கையும் இருந்தது. அதைக் குறைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.

அடுத்து பலதுறை மருந்தகத்தில் பல் மருத்துவர். கீழுதட்டின் உள்பக்கம், பொட்டலத்தை வைக்கும் அதே இடத்தில், வெள்ளையாக ஒரு தடிப்பு இருந்தது. நிறுத்தினால் பெரும்பாலும் மறையும், மறையாவிட்டால் சோதிக்க வேண்டும் என்றார். அப்போதுதான் மகன் கேட்டான்: “பாட்டியும்தானே போடுறாங்க?”

என் மாமியார் போடுவது வெற்றிலை பாக்கு மட்டும், புகையிலை சேர்ப்பதில்லை. ஆனால் பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்துவிட்டது. மருத்துவர் அதைப் பொறுமையாக விளக்கினார். வீட்டுக்கு வந்து நான் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். “பிள்ளை என்னைக் காட்டிப் பேசுதுன்னா எனக்கு இது வேணாம்மா” என்று அத்தை அன்றைக்கே நிறுத்திவிட்டார். ஐம்பது வருடப் பழக்கம். பேரனுக்காக அவர் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் அறிவுரை எல்லாவற்றையும்விட அதுதான் மகனை அசைத்தது என்று நம்புகிறேன்.

முதல் சில நாள்கள் கடினம். எரிச்சல், தலைவலி, தூக்கமில்லை. இங்கே சூயிங் கம் சாதாரணக் கடையில் கிடைக்காது. வறுத்த சோம்பும் கேரட் துண்டும் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு மூன்று வாரத்தில் முகம் தெளிந்தது. மறுபரிசோதனையில் தடிப்பும் மங்கியிருந்தது.

புகையிலைத் தடையைக் கவனிக்கும் சுகாதார அறிவியல் ஆணையத்துக்குத் தகவல் சொன்னது நான்தான். எந்த இடம், எத்தனை மணிக்கு, சரக்கை எதில் வைத்திருப்பான், ஆள் எப்படி இருப்பான் என்பதையெல்லாம் மகனிடம் கேட்டு முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டதால் தடுமாறாமல் சொல்ல முடிந்தது. நீங்களாகப் போய்ப் படம் எடுக்காதீர்கள், அது ஆபத்து. சில வாரம் கழித்து அந்த ஆள் அங்கே வருவதில்லை என்று மகன் சொன்னான்.

அப்புறம் அவனுடைய நண்பர்களின் பெற்றோருக்கும் போன் செய்தேன். ஒரு அம்மா என்னைத் திட்டினார். இன்னொருவர் மறுநாளே தன் மகனோடு அதே ஆலோசகரைப் பார்க்கப் போனார்.