இணைப்புக்குப் போன பந்தி

"தம்பி, அரசாங்கம் செய்தது பிழையெண்டு நீங்கள் எழுதினது சரி. ஆனா உங்கட மனு வெண்டால் என்ர வயல் காடாத்தானே கிடக்கும்?"

அரசின் காட்டுச் சுற்றறிக்கையை எதிர்த்து எங்கள் கட்சி எழுதின மனு வரைவைப் பற்றிய கூட்டத்தில், வன்னிக் கமக்காரர் அமைப்புப் பெரியவர் ஒருவர் கேட்டது இவ்வளவுதான். கட்சிப் பொறுப்பாளர், "அதுக்கு வேற ஒழுங்கு செய்வம் ஐயா" என்றார். பெரியவர் தலையாட்டினார். "எப்ப?" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே வரைவு வேறு மாதிரிப் போயிருக்கும் என்று ஒரு நினைப்பு. பிறகு யோசித்தால், கேட்டிருந்தாலும் போயிராது.

இலங்கை அரசின் 5/2001 சுற்றறிக்கை, ஒதுக்குக்காடு என்று வர்த்தமானியில் அறிவிக்கப்படாத ஏனைய அரச காடுகளின் பொறுப்பை வனவளத் திணைக்களத்திடம் கொடுத்தது. 2020 நவம்பரில் வந்த 1/2020 அதை நீக்கி, அந்தக் காடுகளை மாவட்ட, பிரதேச செயலகங்களின் கையில் விட்டது. பயிர்ச்செய்கைக்கும் வேறு பொருளாதார வேலைகளுக்கும் கொடுக்கலாம் என்றானது. பச்சைக் கொள்கை பேசுகிற கட்சி இதை எதிர்க்காமல் இருக்க ஏலாது. சின்னக்குளங்களின் நீரேந்து பகுதியில் பெரும்பங்கு இந்த வகைக் காடுதான். யானை நடமாட்டமும் அதற்குள்தான். பிரதேச செயலகத்துக்கு வந்த காணி அடுத்து எந்தக் கம்பனிக்குப் போகும் என்ற பயமும் வெறும் கற்பனையில்லை. தெற்கில் சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. எங்கள் வரைவின் முதற் கோரிக்கையும் பழைய சுற்றறிக்கையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதே.

வன்னியில் அதே பழைய சுற்றறிக்கைக்கு வேறு முகம். 1990இலும் 2008, 2009இலும் போரால் இடம்பெயர்ந்த சனத்தின் காணிகள் பற்றை ஏறின. திரும்பி வந்த பிறகும் மிதிவெடி எடுத்து முடியும்வரை பல துண்டுகளுக்குள் கால் வைக்க முடியவில்லை. இருபது வருடம் விட்ட வயல் செய்மதிப் படத்தில் காடாகத்தான் தெரியும். படத்தைப் பார்த்து வனவளத் திணைக்களம் காட்டுக்கு எல்லை கீறினால் எல்லைக்கல் வயலுக்குள் விழும்.

ஒரு காணி பழைய வயலா, காடா என்று பார்ப்பதற்குப் படிப்பைவிடப் பொறுமைதான் வேண்டும். முதலில் கமநல சேவை நிலையத்துப் பதிவேடு. 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் சின்னக்குளங்கள் கமநலத்தின் கீழ் வருவதால் குளம், பயிர்செய்தவர், ஏக்கர் எல்லாம் அங்கே இருக்க வேண்டும். அடுத்தது பிரதேச செயலகக் காணிக்கிளையின் பேரேடு. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கொடுத்த அனுமதிப்பத்திரம் ஓட்டத்தில் துலைந்திருந்தாலும் பேரேட்டில் இலக்கம் இருக்கும். பேரேடு தப்பியிருந்தால்.

அதற்குப் பிறகு நிலம். குளக்கட்டில் ஏறி நின்றால் பாதி விளங்கிவிடும். கட்டுக்குக் கீழே, துருசிலிருந்து வாய்க்கால் போகிற பக்கம் வயல். கட்டுக்கு மேலே, தண்ணீர் வந்து சேருகிற பக்கம் காடு, அதைத் தொடக்கூடாது. கீழ்ப்பக்கப் பற்றைக்குள் நடந்தால் வரம்பு காலில் தட்டும். விடத்தலும் சூரையும் ஈஞ்சும் மண்டிக்கிடந்தால் விட்ட காணி. பாலையும் வீரையும் நெருக்கமாகப் பருத்து நின்றால் காடு. வழுக்குகிற இடம் ஒன்று உண்டு: நிழலுக்கென்று வரம்பில் விட்ட தனிப்பாலை. அதை மட்டும் பார்த்துவிட்டு முழுத் துண்டையும் காடு என்று குறித்த படிவங்களும் இருக்கின்றன.

பெரியவரின் காணிக்குள் நின்ற கல் வாய்க்கால் கரையிலேயே நின்றது. நட்டவர் வாய்க்காலைக் காணாமல் இருந்திருக்க வழியில்லை. ஆனால் அவர் படத்தில் கீறின கோட்டைத்தான் நட்டார். 1:50,000 படத்தில் ஒரு மில்லிமீற்றர் நிலத்தில் 50 மீற்றர். கோட்டின் தடிப்பு அரை மில்லிமீற்றர் என்றாலே 25 மீற்றர் போயிற்று. இரண்டு ஏக்கர் வயல் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 90 மீற்றர். 25 மீற்றர் தள்ளினால் காற்பங்குக்கு மேலே காட்டுக்குள். பழைய படத்தின் ஆள்கூற்று முறையை மாற்றாமல் ஜிபிஎஸ் கருவியில் ஏற்றினால் அதற்கும் மேலால் நகரும். கல்லைப் பிடுங்கி எறிந்தால் வழக்கு. அளவையாளரைக் கொண்டு மறு அளவை கேட்பதுதான் வழி.

இதையெல்லாம் சுருக்கி வரைவில் நான்காவது கோரிக்கையாக ஒரு பந்தி இருந்தது: குளக்கட்டுக்குக் கீழே, கமநலப் பதிவேட்டில் உள்ள காணிகளை ஏனைய அரச காடு என்ற வகையிலிருந்து விலக்க வேண்டும். கூட்டம் முடிந்தபின் அந்தப் பந்தி மனுவின் பின்னால் வருகிற இணைப்புக்குப் போனது. மனுவுக்குள் விலக்கு ஒன்றை வைத்தால் எதிர்த்தரப்பு அதையே தூக்கிக் காட்டும், "நீங்களும் காட்டை விடத்தானே சொல்லுறியள்" என்று. மன்னார் மாவட்டத்து முசலியில் நடந்தது கண்முன் இருந்தது. 1990இல் துரத்தப்பட்ட முஸ்லிம் மக்களின் உண்மையான காணிக் குறையும் அரசியல் செல்வாக்கோடு காடு வெட்டின கதையும் பிரிக்க முடியாதபடி கலந்துபோயின. 2017 மார்ச்சில் மாவில்லு உள்ளிட்ட 40,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பு பேணற்காடாக வர்த்தமானியில் வந்தது. 2020 நவம்பரில், கல்லாறு காட்டில் வெட்டின இடத்தில் மரம் நடும் செலவை முன்னாள் அமைச்சர் ஒருவர் தர வேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. இரண்டுக்கும் நடுவில், உண்மையாகவே வயல் வைத்திருந்தவரின் கதையை யாரும் கேட்கவில்லை. தனி இணைப்பென்றால் அந்தக் கதை கலங்காமல் நிற்கும் என்பதுதான் நியாயம். அந்த நியாயம் இப்போதும் பலமானதாகவே தெரிகிறது.

ஆனால் இணைப்பை யார் படிக்கிறார்கள்? ஊடக அறிக்கைக்குப் போனது முதற் கோரிக்கை மட்டும். வன்னியில் அதை வாசித்தவருக்கு, கல்லுப் போட்ட பக்கம் நிற்கிற கட்சி என்றுதான் விளங்கியிருக்கும். ஜேர்மன் பசுமைக் கட்சி 1980இல் சூழல், சமூகம், அடிமட்ட ஜனநாயகம், வன்முறையின்மை என்று நான்கு தூண் நட்டுத் தொடங்கியது. எங்கள் கொள்கை ஏட்டிலும் அந்த நாலும் உண்டு. முதல் இரண்டும் ஒரே இரண்டு ஏக்கரில் முட்டினால் எது முந்தும் என்று ஏட்டில் ஒரு வரியும் கிடையாது. பெரியவர் கேட்டதும் அதைத்தான். இதில் இன்னொன்று: அவர் காணிப் பற்றைக்குள் இப்போது யானை நிற்கிறது. வெட்டினால் அது பக்கத்து ஊர்த் தென்னைக்குப் போகும். அதையும் வேலி, காவல், செலவு என்று இணைப்பில் எழுதியிருக்க வேண்டும்; இடம் போதவில்லை என்று விட்டோம்.

பந்தி மனுவுக்குள்ளேயே இருந்திருந்தாலும் எல்லாம் சரிவந்திருக்கும் என்றில்லை. காட்டெல்லை கீற 1985ஆம் ஆண்டு வரைபடத்தை அடியாக எடுக்கலாம் என்ற பேச்சு அரச தரப்பிலும் வந்தது. கேட்க நல்லாயிருக்கும். ஆனால் முல்லைத்தீவுக் கரையோரத்துக் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனம் அதற்கு முன்பே, 1984 டிசம்பரிலேயே, இடம்பெயர்ந்துவிட்டது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறினவர்களில் பலருக்குப் பேரேட்டிலும் பெயரில்லை, கமநலத்திலும் பெயரில்லை. கட்டுக்குக் கீழே வயல் கிடைக்காததால்தான் அவர்கள் மேட்டுக்காணிக்குப் போனார்கள். எங்கள் பந்தியின்படி பெரியவர் தப்புவார், அவர்கள் தப்பமாட்டார்கள்.

அடுத்த வரைவில் அயலவர் சத்தியக்கடதாசியையும் பழைய வாக்காளர் இடாப்பையும் சான்றாக ஏற்கலாமா என்பதில் கட்சிக்குள்ளேயே இரண்டு பக்கம். ஏற்றால் பொய்ச் சத்தியக்கடதாசி வரும் என்கிறது ஒரு பக்கம். வரும்தான். இடாப்பு ஆள் இருந்த கிராமத்தைக் காட்டும், காணித்துண்டைக் காட்டாது. ஆனபடியால் இரண்டையும் சேர்த்துக் கேட்டு, அதோடு நிலத்தில் கிணறோ வைத்த மரமோ ஒன்றாவது இருக்க வேண்டும் என்று எழுதிப் பார்த்திருக்கிறோம். கிணறு வெட்ட வசதியில்லாமல் இருந்தவரை அது என்ன செய்யும் என்று ஒருவர் ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்பியிருக்கிறார்.