மிட்ஜெற்றுக்குள் ஒரு மொறிஸ் மைனர்

மாமாவின் எம்ஜி மிட்ஜெற்றை, அந்த இரண்டு இருக்கை இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரை, எந்தக் கராஜுக்குக் கொண்டுபோனாலும் முதலில் பொடியன்கள் படம் எடுப்பார்கள். அப்புறம் ஒருவன் ஸ்ரியரிங்குக்குக் கீழே குனிந்து தேடிவிட்டு, "அண்ணை, ஸ்கான் பண்ணுற பிளக் எங்க இருக்கு?" என்று கேட்பான். 1968ஆம் ஆண்டுக் கார் அது. பியூஸே இரண்டுதான்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் பலர் தொடப் பயப்படுகிறார்கள். பொனற்றைத் திறந்தால் உள்ளே கிடப்பது 1275 சிசி 'ஏ' சீரிஸ் என்ஜின். எங்கள் ஊர் மொறிஸ் மைனர்களில் 948 சிசியாகவும் 1098 சிசியாகவும் ஓடிய அதே குடும்பம். பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் எஸ்யூ காபரேற்றர் மைனரில் ஒன்று, இதில் இரண்டு. மற்றபடி மைனரைக் கழற்றிப் பூட்டிய கைக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. அந்தக் கைகள் யாழ்ப்பாணத்தில் இன்னும் இருக்கின்றன. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஸ்ரார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல் காட்டி, பிறகு மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் ஏ40களையும் மைனர்களையும் ஓட வைத்தவர்கள் அவர்கள்.

கார் வழியில் நின்றால் எல்லோரும் திருப்புளியோடு காபரேற்றருக்குத்தான் பாய்வார்கள். அப்படிப்பட்டவரை நான் பொனற்றுக்குக் கிட்ட விடுவதில்லை. காபரேற்றர் கடைசி. முதல் வேலை, சாவியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது. பின்பக்கம், பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில், பெற்றோலை முன்னுக்குத் தள்ளும் எஸ்யூ மின்பம்பி இருக்கிறது. 'டக் டக் டக்' என்று வேகமாகத் தொடங்கி, காபரேற்றர்க் கிண்ணங்கள் நிறைந்ததும் மெதுவாகி நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் பம்பிக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது அதற்குள் மின்சாரத்தைத் தொட்டு விடும் பொயின்ற் கருகிவிட்டது. திருப்புளிப் பிடியால் இரண்டு தட்டு தட்டினால் உயிர் வரும். வீடு போய்ச் சேர அது போதும், வைத்தியம் அதுவல்ல. சத்தம் நிற்காமல் ஓடினால் தாங்கி வெறுமை, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது மிதவை வால்வு மூடாமல் பெற்றோல் வழிகிறது. வழிந்தால் மூக்கே சொல்லிவிடும். உடனே சாவியை எடுத்துவிடுங்கள்.

சித்திரை வெயிலில் இன்னொரு கூத்து. இந்த என்ஜினில் காபரேற்றர்களும் சைலன்சர்க் குழாயின் தொடக்கமும் ஒரே பக்கம், ஒன்றின் மேல் ஒன்று. காங்கேசன்துறை வீதியில் நெரிசலுக்குள் ஊர்ந்துவிட்டுக் கடையடியில் நிறுத்தினால், என்ஜின் சூடு மேலே ஏறிப் பெற்றோலை ஆவியாக்கிவிடும். திரும்ப ஸ்ரார்ட் வராது. டிஸ்ரிபியூற்றரில் இருக்கும் கொண்டன்சர் பழுதானாலும் இதே மாதிரித்தான் சூட்டில் நிற்கும், ஆறினால் ஓடும். இரண்டையும் பிரிக்க ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் வயரில் கொழுவி, என்ஜின் இரும்பில் படவைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். பெற்றோல் மணம் இல்லாத இடமாகப் பார்த்து இதைச் செய்யுங்கள். பொறி மஞ்சளாக மெலிந்து வந்தால் கொண்டன்சர், கொயில் பக்கம் போங்கள். நல்ல நீலமாக வந்து, பம்பியும் ஓயாமல் துடித்தால் ஆவிதான். பெற்றோல் குழாயில் ஈரத்துணி போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்து வரலாம். நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால், காபரேற்றருக்குக் கீழே இருக்க வேண்டிய சூடு மறைக்கும் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கார்களில் யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கழற்றி எறிந்திருப்பார்.

டிஸ்ரிபியூற்றர்ப் பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம். கண் மட்டத்தில் வைப்பவர்களும் உண்டு. நான் இடைவெளி அளக்கும் தகடு, பீலர் கேஜ், இல்லாமல் தொடமாட்டேன்.

இந்தக் காரில் நான் பார்த்த அழகான பழுது பண்ணைப் பாலத்தடியில் வந்தது. ஸ்ரார்ட்டர் சோம்பலாக முனகியது. பற்றரி புதிது, முனைகள் சுத்தம். கூட வந்தவர் ஸ்ரார்ட்டர் மோட்டரைக் கழற்றிக் கொழும்புக்கு, பஞ்சிகாவத்தைக்கு அனுப்பச் சொன்னார். பக்கத்தில் மீன் வாங்க வந்திருந்த ஒரு வயதானவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "தம்பி, இன்னொருக்கால் அடிச்சுப்போட்டு சோக் கம்பியைத் தொட்டுப் பாரும்" என்றார். அடித்தேன், தொட்டேன், கையை இழுத்துக்கொண்டேன். சுட்டது. "எர்த் இல்லை" என்றார். அவ்வளவுதான், மீன் பையோடு போய்விட்டார்.

விசயம் இதுதான். என்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் கார் பொடிக்கும் இடையே பின்னல் கம்பிப் பட்டி ஒன்று இருந்தால்தான் ஸ்ரார்ட்டருக்குப் போன மின்சாரம் பற்றரிக்குத் திரும்பும். உப்புக் காற்றில் அந்தப் பட்டி உக்கி அறுந்திருந்தது. மின்சாரம் வேறு வழி தேடியது. டாஷ்போர்ட்டிலிருந்து காபரேற்றருக்குப் போகும் சோக் கம்பியின் இரும்புறை வழியாகத் திரும்பியது. அந்த மெல்லிய கம்பி ஸ்ரார்ட்டரின் மின்சாரத்தை எப்படித் தாங்கும்? சிலருக்குப் புகையே வந்திருக்கிறது. புதுப் பட்டி ஒன்று போட்டு, பூட்டும் இடத்தில் பெயின்ரைச் சுரண்டிவிட்டுப் பூட்டியதும் ஸ்ரார்ட்டர் சுழன்ற வேகம் தனி. கடற்கரைப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள், எது வேலை செய்யாவிட்டாலும் முதலில் எர்த்தைப் பாருங்கள்.

சூடு ஏறுவதற்கு எங்கள் ஊரில் தனிக் காரணம் ஒன்று உண்டு. கிணற்றுத் தண்ணீர். சுண்ணக்கல் நிலம், கேத்தில் அடியில் படியும் வெள்ளை அப்படியே றேடியேற்றர்க் குழாய்களிலும் படியும். என்ஜின் சூடானபின் நிறுத்தி, விசிறி நின்றதும் றேடியேற்றர் முகத்தைக் கையால் மெதுவாகத் தடவுங்கள். குளிர்ந்த திட்டு தட்டுப்பட்டால் அந்த இடம் அடைப்பு. நான் மாரியில் பிடித்த மழைத்தண்ணீர் விடுகிறேன். சூடோடு சேர்ந்து இழுவையும் குறைந்தால் நடு இரண்டு சிலிண்டர்களின் அமுக்கத்தை அளக்கச் சொல்லுங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து குறைவாக இருந்தால் இடையில் சிலிண்டர் ஹெட் கஸ்கற் போய்விட்டது. இந்த என்ஜினின் பலவீனமான இடமே அதுதான்.

இத்தனையும் சரியென்றால் இப்போது காபரேற்றர். மேல் மூடியைத் திருகி, 20ஆம் நம்பர் ஒயில் இருக்கிறதா என்று பாருங்கள். வற்றியிருந்தால் அக்சிலேற்றர் அமத்தும்போது திக்கும். காபரேற்றருக்குள் இருக்கும் பிஸ்ரனைத் தூக்கி விட்டால் 'டக்' என்று அடியில் விழ வேண்டும். ஐடிலில் ஓடும்போது பிஸ்ரனை ஒரு மயிரிழை உயர்த்துங்கள்: வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் பெற்றோல் கூட, என்ஜின் சாகப் பார்த்தால் குறைவு. பெற்றோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெற் நட்டை ஒரு தடவைக்கு ஒரு பட்டைதான், ஆறில் ஒரு சுற்றுத்தான், திருப்ப வேண்டும். இரண்டு காபரேற்றரையும் சமப்படுத்த ஒரு துண்டு ரப்பர்க் குழாய் போதும். ஒரு முனை காதில், மறுமுனை காபரேற்றர் வாயில். இரண்டிலும் இரைச்சல் ஒரே அளவு வரும்வரை திருகாணியைத் திருப்புங்கள்.

இப்போது எனக்கிருக்கும் தலையிடி முன்பக்க சொக் அப்சோபர். பழைய நெம்புகோல் வகை, ஒயில் கசிகிறது. ஒயில் விட்டு விட்டு ஓட்டுகிறேன். இதன் சீலை ஒழுங்காக மாற்றித் தரும் ஆள் சுன்னாகம், மானிப்பாய்ப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கொழும்புக்கு அனுப்ப மனமில்லை.