பெட்ரோலை எங்கே தெளிப்பது?

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதி வந்து, பைக்குகள் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரை விட்டு, அளந்து தெளிக்கும் இன்ஜெக்டருக்கு மாறிய பிறகு, எங்கள் பட்டறையில் கார்புரேட்டர் ஜெட்டைக் கழற்றி ஊதும் வேலை குறைந்துவிட்டது. இப்போது பைக் வந்தாலும் முதலில் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரைத்தான் எடுக்கிறேன்.

பைக்குகளில் பெரும்பாலும் இருப்பது போர்ட் இன்ஜெக்‌ஷன். சிலிண்டருக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வுக்கு முன்னால், ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் தெளிக்கப்படுகிறது. எத்தனை மில்லிசெகண்ட் என்பதை எஞ்சினின் கணினியான இசியு முடிவுசெய்யும். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். எளிமையான ஏற்பாடு, எனக்குப் பிடித்ததும் இதுதான்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வேறு ரகம். நேராகச் சிலிண்டருக்குள், 200 பாரையும் தாண்டக்கூடிய அழுத்தத்தில். ஆவியாகும் பெட்ரோல் உள்ளே இருக்கும் காற்றைக் குளிர்விப்பதால் நாக்கிங் (கலவை தானாகவே எரிந்து எஞ்சின் தட்டுவது) குறைகிறது, கம்ப்ரஷனை, அதாவது கலவையை அழுத்தும் அளவை, உயர்த்த முடிகிறது. (1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் இதை எலக்ட்ரானிக்ஸ் இல்லாமலே செய்தது!) ஆனால் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவப் பெட்ரோல் வருவதில்லை, எண்ணெய் ஆவி படிந்து கரி கட்டுகிறது. டேங்கில் கிளீனர் ஊற்றினால் சரியாகிவிடும் என்பவர்களிடம் என்ன சொல்வது? அது அந்த வால்வைத் தொடவே தொடாது. காற்று வரும் குழாயான மேனிஃபோல்டைக் கழற்றிச் சுரண்டத்தான் வேண்டும். டொயோட்டா சில எஞ்சின்களில் இரண்டு வகை இன்ஜெக்டரையும் சேர்த்தே வைத்துவிட்டது.