ஐ.சி.டி. பொருத்திய பின் மறுபடி ஓடத் தொடங்கியது

மயங்கி விழுவதற்கு முந்தைய நாள் 14 கிலோமீட்டர் ஓடியிருந்தேன். வயது 43. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, புகைப்பழக்கம் இல்லை. ஓய்வில் என் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50-ஐத் தாண்டாது. ஓடிய தூரத்தையும் நேரத்தையும் அன்றன்றே குறிப்பேட்டில் எழுதிவிடுவேன். அப்படி ஒன்பது குறிப்பேடுகள் நிரம்பியிருந்தன. அதனால், 12 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய இதயச் சுவர் எனக்கு 22 மில்லிமீட்டர் தடித்திருக்கிறது என்று எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்த மருத்துவர் சொன்னபோது, வேறு யாருடைய அறிக்கையையோ கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்றுதான் நினைத்தேன்.

நோயின் பெயர் ஹைப்பர்டிராபிக் கார்டியோமயோபதி. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. "இத்தனை வருடம் ஓடியதால் வந்ததா?" என்று கேட்டேன். "இல்லை, நீங்கள் ஓடாமல் இருந்திருந்தாலும் வந்திருக்கும்" என்றார். அந்த ஒரு பதில் பின்னாளில் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவருக்குத் தெரியாது. துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியை மாட்டியிருந்த 48 மணி நேரத்தில், இதயத்தின் கீழறையிலிருந்து கிளம்பிய வேகத் துடிப்பு இரண்டு முறை பதிவாகியிருந்தது. எம்.ஆர்.ஐ.யில் தசைக்குள் தழும்பு தெரிந்தது. மயக்கத்தையும் சேர்த்துப் பார்த்து, ஐ.சி.டி. (ஆபத்தான வேகத் துடிப்பை ஷாக் கொடுத்து நிறுத்த உடலுக்குள் பொருத்தும் கருவி) வைத்துவிடுவதே நல்லது என்று முடிவானது.

இதைப் பலரும் பேஸ்மேக்கர் என்றே எண்ணுகிறார்கள். பேஸ்மேக்கரின் முக்கிய வேலை, மெதுவாகும் இதயத்தைத் தூண்டுவது. ஐ.சி.டி. அதையும் செய்யும், ஆனால் அது காத்திருப்பது வேறொன்றுக்காக. கீழறை தறிகெட்டுத் துடிக்கத் தொடங்கினால், தேவைக்கேற்ப சிறு தூண்டல்களால் அடக்கிப் பார்க்கும். அடங்காவிட்டால் உள்ளிருந்தே ஷாக் கொடுக்கும். உறக்கம் வராத இரவுகளில் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். மிஷெல் மிரோவ்ஸ்கி என்ற மருத்துவர், தம் ஆசானை 1966-இல் இதே வகைத் துடிப்புக் கோளாறுக்குப் பறிகொடுத்த பிறகு இந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். நடக்காத காரியம் என்று பெரியவர்கள் ஒதுக்கினார்கள். 1980-இல்தான் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். அன்று மார்பைத் திறந்து, கருவியை வயிற்றில் வைக்க வேண்டியிருந்தது. எனக்கோ இடது காறை எலும்புக்குக் கீழே ஒரு சிறு வெட்டு, சிரை வழியாக இதயத்துக்குள் ஒரு லீடு (மெல்லிய கம்பி), மறுநாள் வீடு. ஒரு மனிதரின் துக்கம் எனக்குள் இருந்து காவல் காக்கிறது என்று தோன்றியது.

முதல் ஆறு வாரம் இடது முழங்கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, லீடு நகர்ந்துவிடலாம். நான் பயத்தில் கையையே அசைக்காமல் உடம்போடு ஒட்டி வைத்திருந்தேன். விளைவு, தோள் இறுகிப்போய், சட்டை மாட்டவே மனைவி உதவ வேண்டியதாயிற்று. தூக்கக் கூடாது என்றால் அசைக்கவே கூடாது என்று பொருளில்லை. தோள்மட்டத்துக்குக் கீழே கையை எவ்வளவு அசைக்கலாம் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றக் கட்டுப்பாடுகள் சீக்கிரம் பழகிவிட்டன. செல்பேசியை இடது சட்டைப்பையில் வைப்பதில்லை, வலது காதில் வைத்துப் பேசுகிறேன். 15 சென்டிமீட்டர் இடைவெளி போதும். காந்தம்தான் கவனிக்க வேண்டியது. சில செல்பேசிகளிலும் இயர்போன் பெட்டிகளிலும் உள்ள காந்தம் கருவிக்கு மிக அருகில் வந்தால், அது அங்கே இருக்கும்வரை ஷாக் கொடுக்கும் வேலையை நிறுத்திவைத்துவிடக்கூடும். பாதுகாப்பு வாயில்களில் நிற்காமல் நடந்துவிட்டால் சரி.

பழகாதது படிக்கட்டு. மூன்றாவது வாரம், இரண்டு மாடி ஏறினேன். நெஞ்சு படபடத்தது. எத்தனையோ ஆண்டுகளாக எனக்குப் பிடித்தமாக இருந்த அதே படபடப்பு. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, இதோ கருவி ஷாக் அடிக்கப்போகிறது என்று கண்ணை மூடி நின்றேன். கைக்கடிகாரம் 118 காட்டியது. அது 90-க்கு இறங்கும்வரை அடுத்த படியில் கால் வைக்கவில்லை. அதன்பிறகு துடிப்பு கூடும் எதையும் தவிர்க்க ஆரம்பித்தேன். மகள் ஷட்டில் ஆடக் கூப்பிட்டால் மறுத்தேன். வேகமாக நடப்பதைக்கூட விட்டேன். நண்பர்கள் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சனின் செய்தியை அனுப்பினார்கள்: 2021 ஜூனில் யூரோ ஆட்டத்தின் நடுவே விழுந்தவர், ஐ.சி.டி.யுடன் அடுத்த பிப்ரவரியில் மீண்டும் களத்தில் இறங்கினார். அன்போடுதான் அனுப்பினார்கள். ஆனால் அவர் இதயம் வேறு, என் இதயம் வேறு. இன்னொருவர் ஓடியதால் நான் ஓடலாம் என்றாகிவிடாது. புதிதாகக் கருவி வைத்துக்கொண்டவர்களிடம் இந்த ஒப்பீட்டைச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்தாவது வாரம் ஓர் இரவு, மார்பில் ஓங்கிக் குத்தியது போல ஓர் அடி. அலறிக்கொண்டு எழுந்தேன். உடம்பெல்லாம் வேர்வை, மனைவி என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். ஒரு ஷாக் வந்து, உடம்பு நன்றாக இருந்தால் மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். அடுத்தடுத்து வந்தாலோ, உடம்பு சரியில்லை என்றாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் போனோம். டெக்னீஷியன் என் தோள்மீது ஒரு வட்டத் தகட்டை வைத்துக் கருவியின் பதிவுகளைத் திரையில் வரவழைத்தார். ஷாக் எதுவும் இல்லை. அந்த நேரத்தில் என் துடிப்பு 64. நான் வெட்கப்பட்டுத் தலைகுனிந்தேன். "இது நிறையப் பேருக்கு வரும், இதற்கென்று பெயரே இருக்கிறது" என்று சொல்லி, திரையை என் பக்கம் திருப்பினார்.

எனக்கு அதுவரை யாரும் காட்டாத எண் அங்கே இருந்தது. என் கருவியில் ஷாக்குக்கான எல்லை நிமிடத்துக்கு 200 துடிப்பு. அதைத் தாண்டினாலும் உடனே அடிக்காது. சில நொடி நீடிக்கிறதா என்று பார்த்து, தன்னைச் சார்ஜ் செய்துகொண்டு, இன்னமும் நீடித்தால்தான் அடிக்கும். படிக்கட்டில் நான் நடுங்கி நின்றது 118-இல்! அந்த எண்ணை மருத்துவமனையை விட்டு வரும் நாளிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் எனக்கு இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும். உங்களுக்கு வைத்திருக்கும் எண் வேறாக இருக்கும். கேட்டு வாங்குங்கள்.

மருத்துவர் டிரெட்மில்லில் நடக்க வைத்து, ஈ.சி.ஜி. பார்த்து, எனக்கு 150 என்று வரம்பு வைத்தார். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகும் வேகம். போட்டி ஓட்டம் கிடையாது. அந்தக் கடைசி வார்த்தைக்கு அன்று அழுதேன். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை கால்களை ஈரமணல் மூட்டையாக்கிவிட்டது. அதற்கு உடம்பு ஒத்துக்கொள்ள இரண்டு மாதம் பிடித்தது. இடையில் மகளுக்கும் எக்கோ எடுத்தோம். நோய் பரம்பரையாக வந்ததென்றால், பிள்ளைக்கும் அந்த மரபணு வரச் சரிபாதி வாய்ப்பு உண்டு. இப்போதைக்கு இயல்பாக இருக்கிறது. தொடர்ந்து பார்க்க வேண்டும். அவள் எக்கோ முடிவுக்காகக் காத்திருந்த அரை மணி நேரத்தோடு ஒப்பிட்டால் என் அறுவை சிகிச்சை ஒன்றுமே இல்லை.

நான்காம் மாதம் ஒரு காலையில் ஷூவை மாட்டினேன். மனைவி சைக்கிளில் பக்கத்தில் வந்தாள். முதல் ஏற்றத்தில் கடிகாரம் 150 என்று ஒலித்தது. நடந்தேன். 130-க்கு வந்ததும் மறுபடி ஓடினேன். இப்படி ஏழு முறை. வீட்டுக்கு வந்து பத்தாவது குறிப்பேட்டைத் திறந்து, நாளைப் போட்டு, "3 கிலோமீட்டர், 29 நிமிடம்" என்று எழுதினேன். பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் வரைந்து, அதில் அதிகபட்சத் துடிப்பையும் எழுதினேன்: 151.